மாதிரி விமானத்திற்கு எந்த எண்ணெய்?

பத்தாம் வகுப்பில் ஆல்கஹால்கள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவன் எழுந்தான். "சார், அண்ணன் பழைய மாதிரி விமான எஞ்சின் ஒன்று வாங்கி வந்தான். மெத்தனாலில் ஸ்கூட்டருக்கு ஊற்றும் டூ-டி ஆயிலைக் கலந்து ஓட்டினோம். சிறிது நேரத்தில் இறுகி நின்றுவிட்டது. விளக்கெண்ணெய் ஊற்றியிருக்க வேண்டுமாம். ஏன் சார்?" அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலிருந்தே வளர்ந்தது.

இவ்வகை எஞ்சினில் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லை. எரிபொருளில் கரைந்துள்ள எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயவு தருகிறது. எரிபொருளின் முதன்மைப் பகுதி மெத்தனால். குளோ பிளக்கில் உள்ள பிளாட்டின இழை வினைவேக மாற்றியாகச் செயல்பட்டு மெத்தனாலை எரியச் செய்கிறது. எனவே எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது மெத்தனாலில் கரையுமா? வெப்பத்தைத் தாங்குமா?

கனிம எண்ணெய் மெத்தனாலில் கரையாமல் பிரிந்துவிடும். விளக்கெண்ணெயில் பெரும்பங்கு ரிசினோலியிக் அமிலத்தால் ஆனது. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி ஆல்கஹாலுடன் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்துவதால் அது எளிதில் கரைகிறது.

செயல்பாடு: இரு சோதனைக் குழாய்களில் 95% எத்தனால் 5 மி.லி. வீதம் எடுத்துக்கொள்க. ஒன்றில் விளக்கெண்ணெய், மற்றதில் கடலை எண்ணெய் சில துளிகள் விட்டுக் குலுக்குக. விளக்கெண்ணெய் கரைந்துவிடும். கடலை எண்ணெய் அடியில் தங்கும். "எண்ணெய் எப்போதும் மிதக்கும்" என்று நம்பிய மாணவர்கள் இங்கே அடர்த்தியைப் பற்றியும் யோசிப்பார்கள். மெத்தனால் நச்சுப்பொருள், அதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். எத்தனாலின் அருகில் தீச்சுடர் இருக்கக் கூடாது.

விளக்கெண்ணெய்க்கும் குறை உண்டு. எஞ்சின் மிகச் சூடானாலும் அதன் படலம் உலோகத்தைக் காக்கும். ஆனால் பழுப்பு நிறப் படிவு மிஞ்சும். பாலிஆல்கிலீன் கிளைக்கால் போன்ற செயற்கை எண்ணெய் எஞ்சினைத் தூய்மையாக வைக்கும். எரிபொருள் குறைந்து சூடு ஏறினால் அதன் காப்பு குறையும். இதனால் பலர் இரண்டையும் கலக்கின்றனர். இரும்புப் பிஸ்டன் கொண்ட பழைய எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய் அதிகம் தேவை. எஞ்சினுக்கான கையேடு கூறும் அளவே இறுதியானது.

கணக்கு: 1 லிட்டர் எரிபொருளில் 20% எண்ணெய், அதில் கால் பங்கு விளக்கெண்ணெய். ஒவ்வொன்றும் எவ்வளவு? (விளக்கெண்ணெய் 50 மி.லி., செயற்கை எண்ணெய் 150 மி.லி.)

சிந்திக்க: முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்கள் பெட்ரோலில் ஓடின. அவற்றிலும் விளக்கெண்ணெயே பயன்பட்டது. அது பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதே அதற்கு ஒரு காரணம். ஓரிடத்தில் கரைவதால் தேர்வு. மற்றோரிடத்தில் கரையாததால் தேர்வு. "எது நல்ல எண்ணெய்?" என்பதைவிட "எதனோடு, எந்தச் சூட்டில்?" என்று கேட்கப் பழகினால், அந்த மாணவனின் அண்ணன் இழந்த எஞ்சின் நம் வகுப்புக்கு ஒரு பாடமாகப் பயன்பட்டதாகும்.