மத்ஹப் நூல்களை இணையத்தில் தேடுகிறீர்களா? எது எதற்கு உதவும்

ஷாஃபி மத்ஹபின் சட்டம் இதுதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது. கீழே ஒரு கிதாபின் பெயரும் இருக்கிறது. தொழுகை, திருமணம், சொத்துப் பங்கு என வாழ்க்கையைத் தொடும் விஷயம் இது. சரிபார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது. சரிபார்க்க மூன்று வகைப் பிரதிகள் உள்ளன.

தட்டச்சுப் பிரதி: மக்தபா ஷாமிலா என்ற மின்நூலகத்தில் ஆயிரக்கணக்கான அரபு நூல்கள் இலவசம். தேடுவதற்கு இதுவே சிறந்தது. ஆனால் தட்டச்சில் ஓர் எதிர்மறைச் சொல் விடுபட்டால் சட்டமே தலைகீழாகிவிடும். பக்க எண்கள் அச்சுப் பிரதியோடு ஒத்தவை என்ற குறிப்புள்ள நூலையே எடுங்கள்.

ஸ்கேன் பிரதி: இன்டர்நெட் ஆர்கைவிலும் வக்ஃபிய்யா தளத்திலும் கிடைக்கும். இதில் தேடுவது சிரமம். ஆனால் பதிப்பகம், ஆண்டு, பதிப்பாசிரியர், அடிக்குறிப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பழைய அச்சுகளில் ஒரு நூல் நடுவிலும் இன்னொன்று பக்க ஓரத்திலும் இருக்கும். உங்கள் வரி எந்த நூலுடையது என்று பாருங்கள். மேற்கோளை உறுதிசெய்ய இதுவே ஏற்றது.

மொழிபெயர்ப்பு: பொருள் புரிய உதவும், ஆதாரமாகாது. ஹனஃபிகளின் சட்டநூலான ஹிதாயாவை 1791இல் ஹாமில்டன் ஆங்கிலத்தில் தந்தது அரபு மூலத்திலிருந்து அல்ல, பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து.

வரி கிடைத்ததும் முன்னும் பின்னும் படியுங்கள். ஷாஃபி அறிஞர் இமாம் நவவி (இறப்பு ஹிஜ்ரி 676) தம் மின்ஹாஜ் என்ற சட்டநூலின் முன்னுரையிலேயே, 'கீல' (சொல்லப்பட்டது) என்று தொடங்கிச் சொல்வது பலவீனமான கருத்து என்று விளக்கிவிடுகிறார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வெட்டி ஒட்டினால், மத்ஹப் ஒதுக்கிய கருத்தே மத்ஹபின் தீர்ப்பாகப் பரவும்.

நூலின் பெயர் மட்டும் போதாது. இமாம் மாலிக்கின் முவத்தா நூலுக்குப் பல அறிவிப்புகள், அதாவது வெவ்வேறு மாணவர்கள் வழியாக வந்த வடிவங்கள், உண்டு. அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் ஷைபானியின் அறிவிப்பில் ஹனஃபிக் கருத்துகளும் இடம்பெறுகின்றன. அதிலிருந்து ஒரு வரியை எடுத்து மாலிக்கி மத்ஹபின் சட்டம் என்று சொல்வது பிழையாகலாம்.

ஆகவே, தட்டச்சுப் பிரதியில் தேடி, ஸ்கேனில் உறுதிசெய்து, மொழிபெயர்ப்பின் துணையோடு புரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை அந்த மத்ஹபில் பயின்ற ஆலிமிடம் காட்டி, இதன்படி ஃபத்வா உண்டா என்று கேளுங்கள். ஷாஃபிகளும் ஹனஃபிகளும் கலந்து வாழும் நம் ஊர்களில், தவறான ஒரு மேற்கோள் மூட்டும் சச்சரவைத் தடுக்க இந்தச் சிரமம் தகும்.