உப்புக்காற்றில் பழைய பைக்: தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பைக் பராமரிப்பு பற்றிப் படித்தால் எங்கும் எஞ்சினைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். தூத்துக்குடியில் எஞ்சின் இரண்டாவது கவலை. தருவைகுளத்திலிருந்து திருச்செந்தூர் வரை கடலும் உப்பளமும் மாறி மாறி வரும் இந்தக் கரையில், ஓடாத வண்டியையும் உப்பு தின்றுவிடும். ஐம்பது வருடம் கோயம்புத்தூரில் கெடாமல் இருந்த மட்கார்டு இங்கே மூன்று மழைக்காலத்தில் ஓட்டையாகும். உப்பை அடக்கத் தெரிந்தவருக்குப் பழைய வண்டி இங்கேயும் பல்லாண்டு ஓடும். புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர் அதைக் கற்றுக்கொள்ளும் வரிசை இது.

படி 1: எந்த வண்டி?

முதல் வண்டிக்கு மூன்று குணம் பாருங்கள்: உதிரிபாகம் கிடைக்க வேண்டும், ஊரில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் இருக்க வேண்டும், உங்கள் கால் கிக்கருக்குப் பழக வேண்டும்.

வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்: இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையில் பிறந்த வடிவம். அந்த நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல தலைமுறைக்கு வண்டி வந்தது. 350 மாடலின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், மெதுவாக, இழுவையோடு ஓடும். பாகங்கள் தாராளம். தொடக்கக்காரருக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு.

ஜாவா, யெஸ்டி: மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் 1961 முதல் 1996 வரை தயாரானவை. டூ ஸ்ட்ரோக், இரட்டை சைலன்சர். எஞ்சினில் வால்வு இல்லை, டேப்பட் இல்லை. பிரிப்பதும் பூட்டுவதும் எளிது. ஆனால் குரோம் அதிகம், அதனால் உப்புக்கு இரையும் அதிகம். மைசூரில் முதல் ஜாவா வெளிவந்த அதே 1961தான் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஆண்டும். அந்த வயது வண்டி இன்னும் ஓடுகிறதென்றால் யாரோ விடாமல் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ராஜ்தூத் 175, யமஹா ஆர்எக்ஸ் 100: முன்னது போலந்தின் எஸ்.எச்.எல். வண்டி வழி வந்தது. பின்னது 1985 முதல் 1996 வரை வந்த 98 சி.சி. வண்டி. ஆர்எக்ஸுக்கு இன்று இருக்கும் மவுசில் விலை ஏறிக் கிடக்கிறது. போலி பாகமும் ஏராளம். இதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வாங்கும் முன் எங்கே தொட்டுப் பார்ப்பது?

பெயின்ட் பளபளப்பு எதையும் சொல்லாது. கையில் ஒரு சிறு காந்தம் எடுத்துப் போங்கள். மட்கார்டு, டூல் பாக்ஸ், டேங்கின் அடிப்பக்கம் மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகரம் போய்ப் பட்டி பூசியிருக்கிறது.

அடுத்து மறைவான இடங்கள்: பேட்டரித் தட்டின் அடி, சென்டர் ஸ்டாண்டு பின், சைலன்சர் அடித் தையல், ரிம்மில் ஸ்போக் நிப்பிள் நுழையும் துளைகள், ஸ்விங் ஆர்ம் மூட்டு. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். செம்பழுப்புப் பொடி தெரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழியுங்கள்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டே ஆகவேண்டும்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி மூழ்கியதா? டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மூழ்கிய வண்டிகள் பல கழுவிப் பெயின்ட் அடித்துக் கைமாறியிருக்கும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள், ஏர் ஃபில்டர் பெட்டி மூலையில், சீட்டுக்கு அடியில் வண்டல் கோடு இருக்கிறதா பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. மூழ்கிய வண்டியை வாங்கவே கூடாது என்பதில்லை. வீல் பேரிங், பிரேக் டிரம், வயரிங் மூன்றையும் புதிதாக மாற்றும் கணக்கோடு வாங்குங்கள்.

படி 3: காகிதம்

ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். சேசிஸிலும் எஞ்சினிலும் அடித்திருக்கும் எண்கள் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றி ராவிய தடம் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 1986இல். அதற்கு முந்திய உள்ளூர் வண்டி என்றால் மூலப் பதிவு நெல்லையில் இருக்கலாம்; இன்றைய டி.என். 69 அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு செய்து 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும்.

50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாத வண்டிக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' எழுத்தோடு தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, அதற்கான பெட்ரோல், பழுதுபார்ப்புப் பயணம் போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிறுதோறும் ஓட்ட ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

படி 4: கருவியும் நிறுத்துமிடமும்

பழைய புல்லட்டில் நட்டு போல்ட்டுகள் பல இங்கிலீஷ் அளவு. மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பழைய அளவு ஸ்பேனர் செட் ஒன்று, ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், மெல்லிய எமரித்தாள், ஒரு கிரீஸ் கன்: தொடக்கத்துக்கு இவை போதும். ஊரில் கிடைக்காத பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

வண்டியைக் கடல் பார்த்த வாசலில் நிறுத்தாதீர்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடவும் கூடாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே உலோகத்தின் மேல் படிந்த உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரைந்துகொள்ளும். நம் ஊர் விடியற்காலையில் அது சர்வ சாதாரணம். தார்ப்பாய்க்குள் அந்த ஈரம் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்யும். பழைய பருத்திப் போர்வை மூச்சு விடும். அதுவே சிறந்த உறை.

படி 5: உப்பை இறக்குவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

முதல் விதி தண்ணீர். மாநகரில் பல வீட்டுப் போர்த் தண்ணீர் உப்பு. அதில் வண்டியைக் கழுவினால் உப்பை எடுக்கவில்லை, பூசுகிறீர்கள். “போர்த் தண்ணியில கழுவுததுக்கு, கழுவாமலே போட்டுரலாம் அண்ணாச்சி” என்று மெக்கானிக் சொன்னால் அது கிண்டல் இல்லை. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் இரண்டு வாளி போதும்.

கடற்கரைச் சாலையிலோ உப்பள ஓரத்திலோ ஓட்டி வந்தால் அன்று மாலையே செய்ய வேண்டியது:

1. எஞ்சின் கை சுடாத அளவுக்கு ஆறட்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
2. அடியிலிருந்து தொடங்குங்கள். மட்கார்டு உட்புறம், ஸ்டாண்டு, சைலன்சர் அடி. உப்பு லாரி சிந்திய நீர் தெறிப்பது அங்கேதான். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்ப் வேண்டாம். அது பேரிங்குக்குள் தண்ணீரைத் திணிக்கும்.
3. துணியால் துடைத்து, பத்து நிமிடம் ஓட்டுங்கள். பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி ஓட்டினால் டிரம் காயும்.
4. செயினுக்குக் கியர் ஆயில், கிளட்ச், பிரேக் கேபிள் முனைகளில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில்.

குரோமைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சைலன்சரில் ஊசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பூச்சில் உள்ள நுண்துளை வழியாக ஈரம் இறங்கி அடியிலுள்ள இரும்பைத் துருவாக்கி, அந்தத் துரு மேலே தலைகாட்டுகிறது. புள்ளியாக இருக்கும்போதே அலுமினியத் தாளைச் சுருட்டி, எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மறையும். பிறகு வாரம் ஒருமுறை மெழுகோ மெல்லிய ஆயிலோ தடவி வைக்க வேண்டும். எமரியால் தேய்த்தால் புள்ளியோடு குரோமும் போய்விடும்.

அலுமினியத்தில் இரும்பு போல்ட் இறங்கும் இடமெல்லாம் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரையில் கிரீஸ் தடவித்தான் திரும்பப் பூட்ட வேண்டும். பேட்டரி முனைகளுக்கும் எர்த் வயர் இணைப்புக்கும் வாஸ்லின் போதும். பழைய வண்டியில் மின்கோளாறு என்று தள்ளிக்கொண்டு வருவதில் பாதி, எர்த் இணைப்பில் பூத்த பச்சைதான்.

படி 6: எஞ்சின் வழக்கம்

ஆயில்: வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு 20டபிள்யூ-50. ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு இருமுறை மாற்றுங்கள். அளவை நாள்கணக்கில் நின்ற வண்டியில் பார்க்காதீர்கள். நிற்கும்போது ஆயில் கிராங்க் அறைக்குள் கசிந்து, அளவு குறைந்ததுபோல் காட்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.

பாயிண்ட்: இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடியோடு நழுவ வேண்டும். முகத்தில் கருமை இருந்தால் எமரித்தாளால் ஒரே ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான காகிதத்தை இடையில் விட்டு உருவுங்கள்.

டேப்பட்: எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்க, புஷ் ராடு இரண்டு விரலுக்கிடையே சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

டூ ஸ்ட்ரோக் ஜாவா, யெஸ்டிக்கு: பெட்ரோல் லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி 2டி ஆயில். ஊற்றிவிட்டு வண்டியை நன்றாக ஆட்டுங்கள்.

பெட்ரோல்: இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் வாஷர் மூன்றையும் எத்தனால் தாங்கும் புதிய வகைக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள்.

படி 7: கிக் அடிக்கவும் நிறுத்தவும் பழகுவது

பாயிண்ட் வைத்த புல்லட்டைப் பலத்தால் ஸ்டார்ட் செய்ய முடியாது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். ஆம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து, நடுவுக்குத் திரும்பும் இடத்தில் கால் இறுகும். அங்கே டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை ஓர் அங்குலம் மட்டும் நகர்த்துங்கள். லீவரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் முழு வீச்சில் ஒரே மிதி. இந்த வரிசையை விட்டு அவசரப்பட்டு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது. செருப்புக் காலோடு கிக் அடிக்காதீர்கள்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. கியருக்கு அருகில் உள்ள சிறு லீவர் நியூட்ரல் ஃபைண்டர். கிளட்ச் பிடித்துக் குதிகாலால் அமுக்கினால் முதல் கியர் தவிர எதிலிருந்தும் நியூட்ரல் விழும். ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். புது வண்டி ஓட்டிப் பழகிய கால், புல்லட்டில் ஆபத்து வந்தால் தன்னிச்சையாகப் பிரேக் என்று கியரை மிதிக்கும். ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் நிறுத்தும் பயிற்சி மட்டும் சில நாள் செய்யுங்கள். டிரம் பிரேக் இன்றைய டிஸ்க் போல் பிடிக்காது; முன்னால் போகும் வண்டிக்கு இருமடங்கு இடைவெளி விடுங்கள்.

படி 8: முதல் பயணங்கள்

முதலில் விடிகாலை பீச் ரோடு. பனிமய மாதா கோயில், பழைய துறைமுகம் வரை போய்த் திரும்பலாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிச் சாலையைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து திருச்செந்தூர்ச் சாலை, சுமார் 40 கி.மீ. முள்ளக்காடு, பழையகாயல், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். ஒருகாலத்தில் முத்து ஏற்றுமதியான ஊர்கள் வழி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போனால் எஞ்சினும் சூடேறாது. பழகியபின் திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு. அங்கே சாலையில் ஏறிக் கிடக்கும் மணலில் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரைக் குறைத்துக் கடந்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கு

தை முதல் பங்குனி வரை: ஓட்டுவதற்கு ஏற்ற காலம். உப்பள வேலையும் தொடங்கும். சாலையில் உப்பு லாரி பெருகும். கழுவுவதைக் கூட்டுங்கள்.

ஆனி, ஆடி: கச்சான் காற்று. குதிரைமொழித் தேரியின் செம்மண் பறக்கும். அந்தப் பக்கம் போய்வந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பக்கக்காற்றில் லாரியை முந்தாதீர்கள். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா, யெஸ்டி பிரியர்களின் சர்வதேச தினம். பழைய வண்டிக்காரர்கள் அறிமுகமாக நல்ல வாய்ப்பு.

ஐப்பசி முதல் மார்கழி வரை: மழை. வண்டியை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். வாரம் ஒருமுறை, மழை விட்ட நேரம் பார்த்து, பேட்டரியை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அரைமணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள் ஈரம்தான் சேரும். திரும்பி வந்ததும் அதே இரண்டு வாளித் தண்ணீர், அதே துணி. செலவு அதிகமில்லை, நாள் தவறாமல் இருந்தால் போதும்.