கழிவுச் சேற்றைப் படிக்கப் போகும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

சுற்றுச்சூழல் பொறியியல் முடித்த உங்கள் மகள் சுரங்கக் கழிவில் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறார்; அது கம்பெனிக்காரர்களுக்கு வெள்ளையடிக்கும் வேலைதானே என்று கேட்டிருந்தீர்கள். சில சமயம் அப்படித்தான். ஆனாலும் அவரைத் தடுக்காதீர்கள்.

இன்று வெட்டியெடுக்கும் செம்புத் தாதுவில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் செம்பு இருப்பதில்லை. தாதுவை மாவாக அரைத்து, உலோகத்தைப் பிரித்துக்கொண்டு, மீதியைத் தண்ணீரோடு சேறாக வெளியேற்றுகிறார்கள். அந்தச் சேற்றைத் தேக்க அணை வேண்டும். சுரங்கம் மூடி, வருமானம் நின்ற பிறகும் அணை நிற்க வேண்டுமே, அதுதான் சிக்கல்.

பிரேசிலின் ப்ருமாடின்யோவில் வாலே நிறுவனத்துக்கு ஓர் இரும்புச் சுரங்கம் இருந்தது. அதன் கழிவு அணையை 1976இல் கட்டத் தொடங்கினார்கள். ஏற்கெனவே கொட்டிய சேறு இறுகியதும் அதன் மேலேயே அடுத்த கரையை எழுப்பும் முறை, செலவு குறைவு. அப்படியே 86 மீட்டர் உயர்ந்தது. 2016இல் சேறு கொட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். 2019 ஜனவரி 25 அன்று நண்பகலில் அது உடைந்தது. அணைக்கு நேர் கீழே நிறுவனத்தின் அலுவலகமும் கேன்டீனும் இருந்தன. 270 பேர் இறந்தார்கள்.

வெடியில்லை, நிலநடுக்கமில்லை. உள்ளே தண்ணீர் சரியாக வடியவில்லை. இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு சேறு கெட்டித்திருந்தது. ஆனால் நொறுங்கினால் சட்டென்று வலுவிழக்கும் கெட்டித்தன்மை அது. மெல்ல மெல்ல நகர்ந்த உள் மண்ணும் பெய்த மழையும் சேர்ந்து, திடமாக நின்ற மேட்டைச் சில விநாடிகளில் திரவமாக்கிவிட்டன. முன்னெச்சரிக்கை எதையும் கருவிகள் காட்டவில்லை என்று உடைப்பை ஆராய்ந்த வல்லுநர் குழு சொன்னது. இதை வைத்தே ஒருவர் ஆயுள் முழுக்க ஆராயலாம்.

அதே அணைக்கு, உடைவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், உறுதியாக இருக்கிறதென்று சான்றிதழ் தரப்பட்டிருந்தது. சான்றளித்தவர்களுக்குக் கூலி கொடுத்தது அந்தச் சுரங்க நிறுவனம். உங்கள் சந்தேகம் சரியாக விழ வேண்டிய இடம் இதுதான்.

அந்த உடைப்புக்குப் பிறகு, உலகச் சுரங்க நிறுவனங்களிடம் அணைக் கணக்கு கேட்டு முன்னால் நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியம். பாதிரியார்களின் பென்ஷன் பணம் சுரங்கப் பங்குகளில் இருந்தது! 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கான உலகத் தரநெறி வந்தது. சுயேச்சையான வல்லுநர்களின் மறுஆய்வை அது வலியுறுத்துகிறது.

எனவே ஆய்வகத்தில் சேருமுன் நிதி ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். பணம் யாருடையது, பாதகமான முடிவு வந்தால் அதை வெளியிட யாருடைய சம்மதம் வேண்டும் என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். சுரங்க நிறுவனத்தின் பணம் என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம். சேறும் அளவீடுகளும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. இன்னொன்று: நீர் வேதியியல் அவருக்குத் தெரிந்திருக்கும், மண் இயக்கவியலையும் உட்கார்ந்து படிக்கட்டும்.

அன்புடன்.