வேண்டாத எண்ணங்களும் திருவைந்தெழுத்தும்

மருந்து கொடுத்த வைத்தியர் ஒருவர், "இதனைக் குடிக்கும்போது குரங்கை மாத்திரம் நினைத்துவிடாதீர்" என்று சொல்லி அனுப்பினாராம். நோயாளியால் கடைசிவரை அந்த மருந்தைக் குடிக்க முடியவில்லை. கோப்பையைக் கையில் எடுத்தவுடனே குரங்கு வந்துவிட்டது. சிறுவர்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பெரியோர் சொன்ன கதையாகவே பலரும் இதனைக் கொள்வர். ஆயினும் மனத்தின் இயல்பு பற்றிய உண்மை ஒன்று இதனுள் உண்டு.

1987ஆம் ஆண்டில் டானியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் இதனையே பரிசோதித்துப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கூறப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின், "இனி நினைக்கலாம்" என்று விட்டபோது, முன்பு அடக்கியவர்களுக்கே கரடி நினைவு அதிகமாக வந்தது. அவர்கள் செய்த அடுத்த சோதனையே முக்கியமானது. கரடி நினைவு வந்தால் அதற்குப் பதிலாகச் சிவப்புக் கார் ஒன்றை நினையுங்கள் என்று சிலரிடம் சொல்லப்பட்டது. பற்றிக்கொள்ள ஒரு பொருள் கிடைத்ததும் அவர்களுக்குப் பின்னர் அந்தத் தொல்லை குறைந்தது.

எமது ஆலயங்களுக்கு வரும் அடியார்கள் பலர் உள்ளூர ஒரு வேதனையைச் சுமந்து நிற்கின்றனர். மூலஸ்தானத்தில் தீபாராதனை காட்டும் வேளையில் பக்கத்துக் காணிக்காரன் மீதுள்ள கோபம் வருகின்றது. கண்ணை மூடினால் கடன்காரன் முகம் தெரிகின்றது. சிலருக்கு வாயால் சொல்லக் கூசும் எண்ணமே சந்நிதியில் வந்து நிற்கும். "நான் பாவி, என் கும்பிடு சுவாமிக்குச் சேராது" என்று எண்ணிக் கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொண்டவர்களும் உளர். இது வீண் பயம். எண்ணம் தானாக வருவது வேறு, அதனை மனமொப்பிச் செய்வது வேறு.

சைவசித்தாந்தம் இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அந்தக்கரணங்கள். இவை மாயையின் காரியமாகிய கருவிகள். உயிர் வேறு, கருவி வேறு. மண்வெட்டி கல்லில் பட்டுச் சத்தமிட்டால் தோட்டக்காரன் தன்னையே நொந்துகொள்வதில்லை. அவ்வாறே மனத்தில் ஒரு எண்ணம் எழுந்தால் அது கருவியில் எழுந்த சத்தம் என்று அறிந்து நிற்கலாம். மேலும், உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்கும் இயல்புடையது. இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். செம்பருத்திப் பூவின் அருகில் வைத்த பளிங்கு சிவப்பாய்த் தோன்றும். பளிங்கைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை, பூவை மாற்ற வேண்டும். சிவப்புக் கார் செய்த வேலையும் இதுவே.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் தீய எண்ணம் வருத்தும்போது அதற்கு எதிரான நல்லெண்ணத்தைப் பாவிக்கும்படி விதித்தார். புத்த பெருமானும் மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சூத்திரத்தில், தச்சன் சிறிய ஆப்பினால் பெரிய ஆப்பைத் தட்டி வெளியேற்றுவதை இதற்கு உவமை காட்டினார்.

சைவர்களுக்கு அந்தப் பற்றுக்கோடு திருவைந்தெழுத்து. செபம் வாசகம், உபாஞ்சு, மானசம் என மூவகைப்படும் என்பதைச் சைவ வினாவிடை படித்தவர்கள் அறிவர். மானசம் மேலானது என்பதற்காகத் தொடக்கத்திலேயே அதனைப் பிடிப்பதாற்றான் பலர் சலித்துப்போகின்றனர். கலங்கிய மனத்துக்கு வாசகமே ஏற்றது. அருகில் இருப்பவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லும்போது நாவுக்கும் காதுக்கும் வேலை கிடைக்கும். சற்று அடங்கியபின் தன் காதுக்கு மாத்திரம் கேட்கும் உபாஞ்சுவுக்கு இறங்கலாம். மானசம் தானே வரும்.

உதாரணமாக, வெளிநாட்டில் இருக்கும் மகன் இரண்டு நாட்களாகத் தொலைபேசி எடுக்கவில்லை. இரவு ஒரு மணிக்குத் தாய்க்கு நித்திரை கலைகின்றது. விபத்தோ, பொலிஸோ என்று எண்ணம் ஓடுகின்றது. "நினைக்கக் கூடாது" என்று புரண்டு படுத்தால் அது வளரும். எழுந்து இருந்து, "இது பயம். செய்தி அல்ல" என்று முதலில் பெயர் சொல்ல வேண்டும். நெஞ்சு படபடப்பதையும் கை குளிர்வதையும் அப்படியே கவனிக்க வேண்டும். பின்னர் மூச்சை மெதுவாக விட்டு, விடும் மூச்சோடு ஒருதரம் ஐந்தெழுத்தைச் சொல்லி, உருத்திராக்க மணி ஒன்றைத் தள்ள வேண்டும். பத்தாவது மணியில் மனம் மறுபடியும் விமான நிலையத்துக்கு ஓடும். ஓடட்டும். அறிந்தவுடன் அடுத்த மணிக்குத் திரும்புவதுதான் பயிற்சி. முளையில் கட்டிய கன்று கயிற்றின் நீளத்துக்கு ஓடித் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நூறுதரம் ஓடி நூறுதரம் திரும்பினால் செபம் கெட்டுவிட்டதென்று கருத வேண்டியதில்லை.

மூச்சுப் பயிற்சியில் ஓர் எச்சரிக்கை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை எனக் கணக்கு வைத்துள்ளார். அது குருவின் பக்கத்தில் இருந்து பழகுவோருக்கு உரியது. புத்தகத்தைப் பார்த்து மூச்சை அடக்குவது ஆபத்து. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதனைத் தொடவே கூடாது. மூச்சை மெதுவாக விடுதல் மாத்திரம் போதுமானது.

இவை வெறும் நம்பிக்கை என்று இளைஞர் சிலர் கூறுவர். பௌத்த தியானத்தையும் யோகத்தையும் பயின்ற ஜோன் கபட்-சின் என்னும் அமெரிக்கர், இக்கணத்தில் நிகழ்வதைத் தீர்ப்புச் சொல்லாது கவனிக்கும் பயிற்சியை 1979இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர் என அவரவர் சமயத்துக்கேற்ற ஓதுதலையே மனத்தைத் தளர்த்தும் பயிற்சியாகக் கொடுத்ததை எழுதியுள்ளார். வீட்டில் கிடந்த பொருளைப் பிறர் துடைத்துக் காட்டிய பிறகே அதன் அருமை தெரிகின்றது.

வழிபாடு முடிந்தபின் மண்டபத்தில் இருந்து ஐந்தெழுத்தைச் செபித்தே வீடு திரும்ப வேண்டும் என்பது பழைய முறை. இன்று விபூதி வாங்கிய கையோடு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு படலைக்குப் போகின்றனர். பத்து நிமிடம் இருந்து பழகியவருக்கே நள்ளிரவில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். தவிப்பு வந்த பிறகு மணியைத் தேடினால் அது எளிதில் வசப்படாது.

எல்லா மனத் துயரும் செபத்தினால் மட்டும் தீரும் என்று சொல்வது தவறாகும். இரண்டு வாரங்களுக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் குறைந்து எதிலும் நாட்டமின்றி இருப்பவர், பிறர் கேளாத குரல் கேட்பவர், இறந்துவிடலாம் என்று எண்ணுபவர் ஆகியோரைத் தனியே தியானத்தில் இருத்தக் கூடாது. அவ்வெண்ணம் தனிமையில் பெருகும். வீட்டார் உடன் இருந்து, பெரிய வைத்தியசாலைகளில் உள்ள மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நேர்த்தியும் நூலும் அதனோடு சேர்ந்து நடக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகின்றது. அழைப்பவர் தமிழிலேயே பேசலாம்.