தவக்காலமும் கோடையும் சேர்ந்து வருகிறதா? பிள்ளைகளைக் கவனியுங்கள்!

சித்த மருத்துவம் ஒரு வருஷத்தை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். கிறிஸ்தவக் குடும்பங்களில் இதே நாட்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று வீடே அந்தக் கணக்கில்தான் ஓடும். ஈஸ்டர் நிலாக் கணக்கில் வருவதால் ஒரு வருஷம் போல மறு வருஷம் இருக்காது. 2024-ல் மார்ச் 31, அது பங்குனி. 2025-ல் ஏப்ரல் 20, அது சித்திரை. தேதி எப்படித் தள்ளிப் போனாலும், பிள்ளைகளின் உடம்பு ஒரு பருவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற நேரத்தில்தான் வீட்டுச் சாப்பாடும் மாறுகிறது. ஆண்டுத் தேர்வும் அப்போதுதான்.

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் இதை நன்றாகப் பார்க்கலாம். மேற்கே மலை. பங்குனியில் விடிகாலையில் சிலுசிலுவென்று காற்று, பதினோரு மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கும் வெயில். 'வெயில் காலந்தானே, சூடுதான் காரணம்' என்று தாய்மார்கள் எல்லாவற்றையும் சூட்டின் தலையில் போடுகிறார்கள். நம் சாஸ்திரம் சொல்வது வேறு. கபம் பின்பனியில் தன் இடத்திலேயே சேர்ந்து பெருகி, இளவேனிலில் தன் இடம் விட்டுக் கிளம்புகிறது. வெயில் கொளுத்தும்போதே பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதும் நெஞ்சு கரகரப்பதும் இதனால்தான். வியர்த்து ஓடி வந்த பிள்ளைக்குப் பிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பானைத் தண்ணீரில் வெட்டிவேரைக் கழுவி முடிந்து போட்டு வையுங்கள், அது போதும். வாரம் இரண்டு நாள் தூதுவளையை முள் நீக்கி ரசமாக வைத்துக் கொடுங்கள்.

ஆனால் இருமலோடு மூச்சு வாங்கினால் தூதுவளையோடு நிற்கக் கூடாது. பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ம், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ம், அதற்கு மேலும் போனால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படித்தான். உடனே ஆஸ்பத்திரி. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், அங்கே கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை.

இனி விரதத்துக்கு வருவோம். "நாங்க நாப்பது நாளும் கறி, மீன் தொடமாட்டோம் ஐயா, பிள்ளைகளும் அப்படித்தான்" என்று பெருமையாகச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. பெரியவர்களுக்கு நல்லதுதான், வயிறு ஓய்வெடுக்கும். வளர்கிற பிள்ளைக்கு? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே சுத்தபோசனத்தை 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான் விதிக்கிறது. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும் வரைதான். சுத்தபோசனத்திலும் விலக்கப்படுவது மாமிசம்தான், முட்டையும் பாலும் அல்ல. ஆக, நாலு வயதுப் பிள்ளையைப் பெரிய வெள்ளியன்று மதியம் வரை வெறும் வயிற்றில் உட்கார வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாமாகச் செய்துகொள்வது இது. பாலூட்டும் தாய், கர்ப்பிணி, சர்க்கரைக்கு மாத்திரை போடும் பாட்டி ஆகியோரும் வைராக்கியம் பார்க்காமல் பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொள்ளலாம். சி.எஸ்.ஐ. வீடுகளில் லெந்து உபவாசம் அவரவர் விருப்பம் என்பதால் இன்னும் சுலபம்.

வீடு முழுக்க மரக்கறி என்று ஆகிவிட்டதா, சரி. பிள்ளையின் தட்டில் சோறும் குழம்பும் அப்பளமும் மட்டும் இருந்தால் போதாது. காலையில் முளைகட்டிய பாசிப்பயறை அவித்துக் கொடுங்கள். முருங்கைக் கீரையைப் பருப்போடு கடைந்து கொடுக்கலாம். நம் சீமையில் உளுந்தங்களி இருக்கவே இருக்கிறது. கறுப்பு உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி மூன்றும் சேர்ந்தால் அதை அடித்துக்கொள்ள எந்த டப்பா மாவும் இல்லை (விளம்பரம் பார்த்து அதை வாங்குகிறவர்கள் என்மேல் கோபிக்க வேண்டாம்). கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட வேண்டுமென்றால் புளிப்பு வேண்டும். பக்கத்தில் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இருக்க நமக்கென்ன குறை! சாப்பாட்டின் மேல் பாதிப் பழத்தைப் பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ கொடுக்காதீர்கள்.

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை, அல்லது வெயிலில் சிலுவைப் பாதை. சிறு பிள்ளைகளுக்குத் தலையில் ஒரு துணி, கையில் தண்ணீர்ப் பாட்டில், நடுவில் நீர்மோர். பல கோயில்களில் கஞ்சி ஊற்றுவார்கள். நொய்க் கஞ்சியும் துவையலும் பிள்ளைகளுக்கு மிக நல்ல ஆகாரம், கொஞ்சம் ஆறவிட்டுக் கொடுங்கள்.

ஈஸ்டர் கதை வேறு. ராத்திரி பூசை அல்லது விடிகாலை நாலு மணி ஆராதனை, தூக்கம் கெட்டிருக்கும். நாற்பது நாள் மரக்கறி தின்ற வயிற்றில் காலையில் ஆட்டுக்கறி, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் கேக். மறுநாள் "பிள்ளைக்கு மந்தம் ஐயா" என்று வருவார்கள். முதல் நாளே எலும்பு சூப்பில் தொடங்கி, கறியைக் குறைத்துப் போடுங்கள். நடுவில் சீரகத் தண்ணீர். அப்படியும் மந்தம் கண்டால் ஒருவேளை ஓமத் தண்ணீர் மட்டும் கொடுத்து வயிற்றைக் காயப் போடுங்கள். வயிற்றால் போனால் காயப் போடக் கூடாது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாய்வழியே கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்த மருந்தையும் தேனில் குழைத்துக் கொடுக்காதீர்கள். தேனில் உள்ள ஒருவகைக் கிருமி அந்தப் பிஞ்சுக் குடலில் விஷமாகும்.

அடுத்து அம்மை. இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். பெரியம்மை 1980-லேயே உலகத்திலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இப்போது நாம் பங்குனி, சித்திரையில் பார்ப்பது பெரும்பாலும் சின்னம்மை, நீர்க்கொப்புளம். சில கிறிஸ்தவ வீடுகளில் இதை வெளியே சொல்லவே கூச்சப்படுகிறார்கள். ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "வேப்பிலை வச்சா அந்த அம்மன் கும்பிடுற மாதிரி ஆயிடாதா ஐயா?" வேறு சிலர் அதற்கு நேர்மாறு. வேப்பிலைக் கொத்தை வாசலில் செருகிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்றுகூடப் பார்ப்பதில்லை. வேம்புக்கு மதம் கிடையாது அம்மா! அது கசப்பு மரம், அரிப்பை அடக்கும், புண்ணில் கிருமி சேராமல் காக்க உதவும். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரை இளஞ்சூடாக ஆற்றித் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். கொப்புளம் காய்ந்து பக்கு உதிரும்போது கொழுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டலாம். பச்சைப் புண்ணில் அப்ப வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்தால்தான் தழும்பும் சீழும். இளநீர், நுங்கு, பானகம், குழைந்த சோறு கொடுங்கள். பட்டினி போடாதீர்கள்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கலந்த மாத்திரையைச் சின்னம்மை கண்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் என்ற கொடிய நோய் வரலாம். கடையில் 'காய்ச்சல் மாத்திரை ஒண்ணு குடுங்க' என்று வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால்கூட எடைக்குத் தக்க அளவு டாக்டரிடம் கேட்டுத்தான். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலும், பிள்ளை மயங்கி மயங்கித் தூங்கினாலும், மூச்சுத் திணறினாலும், கழுத்து விறைத்தாலும், 'அம்மை கண்டால் ஊசி போடக் கூடாது' என்ற பேச்சைக் கேட்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அம்மை கண்டால் முதல் நாளே டாக்டர்.

சின்னம்மைக்குத் தடுப்பூசி உண்டு. அரசின் இலவச அட்டவணையில் அது சேரவில்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஒன்றே கால் வயதிலிருந்து இரண்டு தவணை. மணல்வாரி அம்மைக்கான ஊசி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16-லிருந்து 24 மாதத்துக்குள் ஒன்று என இலவசமாகப் போடுகிறார்கள். அதை விடாதீர்கள்.

கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றும். கடைசிக் கொப்புளம் காய்ந்து பக்குக் கட்டும் வரை தொற்றும். அதுவரை பிள்ளையைக் கோயிலுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் அனுப்பாதீர்கள். வீட்டில் தடுப்பூசி போடாத இன்னொரு பிள்ளை இருந்தால், மூத்தவனுக்குக் கொப்புளம் கண்டவுடனே, மூன்று நாளுக்குள், மிஞ்சினால் ஐந்து நாளுக்குள், ஊசி போட்டாலும் பலன் உண்டு. போடவில்லையென்றால் பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் இளையவனுக்கு வரலாம். 2025 கணக்கில் பாருங்கள்: ஏப்ரல் 20 ஈஸ்டரன்று மூத்தவனுக்குக் கண்டிருந்தால், ஏப்ரல் 30-லிருந்து மே 11 வரை இளையவனுக்கு எதிர்பார்க்க வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் நாட்கள் அவை. ஐம்பது பிள்ளைகள் ஒரே பாயில் உட்காரும் இடத்துக்கு அனுப்புமுன், தினமும் காலையில் சட்டையைக் கழற்றி நெஞ்சையும் முதுகையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.