போல்ட் வாங்கப் போறீங்களா? முதல்ல தலையைப் பாருங்க!

"அண்ணே, 13 நம்பர் போல்ட் ஒண்ணு கொடுங்க." உதிரிபாகக் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் 13 என்பது ஸ்பேனரின் அளவு; போல்ட்டின் அளவு அல்ல. 8 மி.மீ. தடிமன் கொண்ட எம்-8 போல்ட், சில வண்டிகளில் 12 நம்பர் தலையோடும் சிலவற்றில் 13 நம்பர் தலையோடும் வரும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தினமும் பைக்கில் போய்வருகிறவர்களும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். பிரேக்கில் தவறான போல்ட் இருந்தால், கொல்லம் நெடுஞ்சாலையில் போகும்போது அது உயிருக்கே ஆபத்து.

எதையெல்லாம் பொருத்திப் பார்க்கணும்?

பழைய போல்ட்டைத் தூக்கிப் போடாதீங்க. அது இருந்த இடத்தை மொபைலில் போட்டோ எடுத்துட்டு, போல்ட்டையும் கடைக்குக் கொண்டுபோங்க.

1. தடிமன்: மரையின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளக்கச் சொல்லுங்க. 7.8 மி.மீ. காட்டினால் அது எம்-8.

2. மரை இடைவெளி: எம்-10 போல்ட்டில் 1.5 மி.மீ. மரையும் உண்டு, 1.25 மி.மீ. மரையும் உண்டு. பழையதையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்க. சந்து தெரியாமல் கவ்வினால் இரண்டும் ஒன்று.

3. நீளம்: அறுகோணத் தலை போல்ட்டை, தலைக்குக் கீழிருந்து நுனிவரை அளக்கணும். அடி மூடிய துளையில் நீளம் கூடினால் நுனி முட்டி நிற்கும். இறுகின மாதிரி இருக்கும். பாகத்தை அழுத்திப் பிடிக்காது.

4. வலு: தலையில் 8.8, 10.9 போன்ற எண் இருக்கும்.

அந்த எண் என்ன சொல்கிறது?

8.8-இல் முதல் 8, ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள 8, அதில் 80 சதவீதம், அதாவது 640 நியூட்டனைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் என்பதைச் சொல்லும். 10.9-க்கு இவை 1,000, 900.

துருப்பிடிக்காது என்று எவர்சில்வர் போல்ட் கேட்பவர்கள் உண்டு. ஏ2-70 வகையின் தாங்குதிறன் 700 நியூட்டன்தான், 8.8-ஐ விடக் குறைவு. அதற்காக எண்ணை இஷ்டத்துக்குக் கூட்டவும் வேண்டாம். கம்பெனி போட்ட எண்ணையே போடுங்க. நட்டிலும் கவனம் தேவை: 8.8-க்கு 8, 10.9-க்கு 10.

தலையில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருந்தால் அது இஞ்ச் அளவு போல்ட். பழைய ஜீப்புகளில் பார்க்கலாம். 3 கோடு கிரேடு 5, 6 கோடு கிரேடு 8. மில்லிமீட்டர் போல்ட்டை அங்கே திணிக்கக் கூடாது.

மாட்டும்போது முதல் சில சுற்றுகள் கையாலேயே ஏறணும். இரண்டாவது மரையிலேயே சிக்கினால் ஸ்பேனர் போடாதீங்க, கழற்றிப் பாருங்க. நைலான் வளையம் உள்ள நட்டை ஒருமுறை கழற்றினால் புதிதாக மாற்றிவிடுங்க.

பில் கேளுங்க

பாக்கெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், அதிலுள்ள 'சிஎம்/எல்' எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். தரக்குறைவான பொருள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. விருதுநகர் மாவட்ட ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான்.

பத்து ரூபாய் போல்ட்தானே என்று பில்லை விட்டுவிடாதீங்க. புகாருக்கு முதல் ஆதாரம் அதுதான்.