திரையில் தனுஷ்கோடி ரயில்

செங்கல்பட்டு வழியே சென்ற போட் மெயில், 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிவரை ஓடியது. அங்கிருந்து பயணிகள் கப்பலில் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலைக் கடல் அடித்துச் சென்றது, பாதையும் அழிந்தது.

எட்டாம் வகுப்பு மாணவர்களுடன் அப்பாதையை ரயில் சிமுலேட்டரில் அமைத்தோம். தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. பழைய வரைபடத்திலும் இடிந்த நிலையத்தின் படங்களிலும் இருப்பவற்றுக்குப் பச்சை நிறம். நாங்கள் ஊகித்தவற்றுக்கு மஞ்சள்.

புயலையும் சேர்க்கலாமா என்று மாணவர்கள் கேட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட இரவை விளையாட்டாக்கலாமா என வகுப்பே விவாதித்தது. ரயில் நிலையத்தைச் சேர்வதோடு நிறுத்த முடிவாயிற்று.

சான்றையும் ஊகத்தையும் பிரித்தறிதல், பிறர் துயரை மதித்தல் ஆகியவையே கற்றல் விளைவுகள். உங்கள் ஊரில் மறைந்த ஏரி, சந்தை, சாலைக்கும் இச்செயல்பாடு பொருந்தும்.